‘தானே ஆறும்’ ஹைட்ரோஜெல் ஸ்க்ரீன் கார்ட்: 28 மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

இப்போது வைத்திருக்கும் கைபேசியை வாங்கிய நாளிலேயே, ‘கீறல் தானே ஆறும்’ என்று அட்டையில் அச்சிட்டிருந்த ஒரு ஸ்க்ரீன் கார்டை அதன் திரைமேல் ஒட்டிக்கொண்டேன். அதற்கு முன் வைத்திருந்த இரண்டு கைபேசிகளிலும் டெம்பர்ட் கிளாஸ்தான் ஒட்டியிருந்தேன். ஓரம் தெறிப்பதும் நடுவே கோடு விழுவதுமாக ஆண்டுக்கு இரண்டு முறையாவது அதை மாற்ற வேண்டியிருந்தது. இந்தப் படலத்தைப் பயன்படுத்தத் தொடங்கி 28 மாதங்கள் ஆகின்றன. முதல் படலம் 11 மாதங்களும், அதே தயாரிப்பின் இரண்டாம் படலம் 17 மாதங்களும் உழைத்தன. கீறல்கள் 24 மணி நேரத்தில் மறையும் என்ற அட்டை வாக்குறுதியில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்பதைச் சொல்வதுதான் இந்த மதிப்புரையின் முதல் வேலை. ஆனால் இவ்வளவு பயனுள்ள ஒரு பண்பு, கைபேசியின் உடலில் இடம்பெறாமல், மேலே ஒட்டும் மெல்லிய தாளில் மட்டும் ஏன் கிடைக்கிறது என்ற கேள்வி இந்த 28 மாதங்களும் என்னைத் தொடர்ந்து வந்தது. அதையும் சேர்த்து எழுதாவிட்டால் இது பாதி மதிப்புரையாகவே நிற்கும்.

முதலில் பெயரைச் சரிசெய்துகொள்வோம். ‘ஹைட்ரோஜெல்’ என்பது விற்பனைப் பெயர். நீரைத் தன் வலைப்பின்னலுக்குள் பிடித்துவைத்திருக்கும் பொருளைத்தான் வேதியியலில் அப்படி அழைப்பார்கள். இந்தப் பெயரில் விற்கப்படும் படலங்கள் பெரும்பாலும் தெர்மோபிளாஸ்டிக் பாலியூரித்தேன் என்ற நெகிழியால் ஆனவை. கார்களின் பெயின்ட்டைக் காப்பதற்காக ஒட்டப்படும் ஒளிபுகு படலமும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. இந்த நெகிழியின் மூலக்கூற்றுச் சங்கிலியில் விறைப்பான பகுதிகளும் மென்மையான பகுதிகளும் மாறிமாறி வருகின்றன. விறைப்பான பகுதிகள் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்புகளால் பிடித்துக்கொண்டு நங்கூரம்போல் நிற்க, அவற்றுக்கு இடையிலுள்ள மென்மையான பகுதிகள் ரப்பரைப்போல் நீண்டு சுருங்கும். சாவி லேசாக உரசும்போது மேற்பரப்பு ஒரு நுண்ணிய பள்ளமாக அமுங்குகிறது. அழுத்தம் விலகியதும் நீண்ட சங்கிலிகள் தம் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. வெப்பம் கூடினால் சங்கிலிகளின் அசைவு கூடும். அதனால் பள்ளமும் விரைவில் நிரவிவிடும்.

ஆகவே இங்கே நடப்பதை ‘ஆறுதல்’ என்று சொல்வதைவிட, அமுங்கியது மீண்டெழுகிறது என்று சொல்வதே பொருத்தம். சங்கிலிகள் நீளாமல் அறுந்துவிட்டாலோ, மேற்பரப்பிலிருந்து ஒரு துணுக்குப் பெயர்ந்துபோனாலோ, இந்தப் படலம் எத்தனை நாள் காத்திருந்தாலும் பழைய நிலைக்கு வராது. அட்டையில் இந்த வேறுபாட்டைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. வாங்குபவர் அறிய வேண்டிய முதல் செய்தி இதுதான் என்பது என் கருத்து.

முதல் படலத்தை ஒட்டும்போது மிஞ்சிய துண்டுகளை ஒரு கண்ணாடித் தட்டில் ஒட்டிவைத்துச் சோதித்துப் பார்த்தேன். நகத்தால் அழுத்திய தடம் சில நிமிடங்களிலேயே காணாமல் போயிற்று. சாவியை மெதுவாக இழுத்ததில் விழுந்த மயிரிழைக் கோடுகள் இரவு முழுவதும் விட்டுவைத்ததில் மறைந்திருந்தன; அதேபோன்ற வேறு கோடுகளின்மேல் வெந்நீரில் நனைத்த துணியை வைத்தபோது சில நிமிடங்களில் மங்கின. இன்னொரு துண்டில் அதேபோல் கோடுகளிட்டு, தட்டோடு குளிர்சாதனப் பெட்டியில் ஒரு நாள் வைத்திருந்தேன். வெளியே எடுத்தபோது கோடுகள் ஏறக்குறைய அப்படியே இருந்தன. அறை வெப்பநிலைக்கு வந்த பிறகே அவை மெல்லக் குறையத் தொடங்கின. 24 மணி நேரம் என்ற வாக்குறுதி எந்த வெப்பநிலைக்குப் பொருந்தும் என்று சொல்லப்படாதவரை, அந்த எண்ணுக்கு முழுப் பொருள் இல்லை. மணலைத் தூவித் துணியால் தேய்த்த துண்டுதான் மிக மோசமானது. மணலில் உள்ள குவார்ட்ஸ், வைரத்தை 10 என வைத்துக் கனிமங்களின் கடினத்தை ஒப்பிடும் மோஸ் அளவில் 7 ஆக இருக்கிறது. அது படலத்தை அமுக்குவதற்குப் பதிலாகக் கிழித்துவிடுகிறது. அந்தத் துண்டில் விழுந்த கோடுகள் இன்றும் இருக்கின்றன. கத்தி முனையால் இட்ட வெட்டும் அப்படியே.

அன்றாடப் பயன்பாட்டில் இந்தப் படலம் என்னை ஏமாற்றவில்லை. பையில் சாவியோடு கிடந்த நாட்களில் மாலையில் தெரியும் கோடுகள் காலையில் இருப்பதில்லை. திரைக்கடியில் உள்ள விரல்ரேகை உணரி, தடித்த டெம்பர்ட் கிளாஸின் வழியே பார்த்துத் தடுமாறியதுபோல் இந்தப் படலத்தின் வழியே ஒருமுறையும் தடுமாறவில்லை. குறைகளும் உண்டு. விரல் எண்ணெயைத் தடுக்கும் மேற்பூச்சு நான்கைந்து மாதங்களில் தேய்ந்துவிடுகிறது. அதன்பின் விரல் வழுக்குவதற்குப் பதிலாகச் சற்று இழுக்கும். வெயிலில் சாய்த்துப் பார்த்தால் மேற்பரப்பில் ஆரஞ்சுத் தோல்போன்ற நுண்ணிய மேடுபள்ளம் தெரியும். முதல் படலம் ஓரங்களில் இலேசாக மஞ்சளானது. அரோமாட்டிக் வகைப் பாலியூரித்தேன் புற ஊதாக் கதிரால் மஞ்சளாகும், அலிஃபாட்டிக் வகை அவ்வளவு எளிதில் ஆகாது. ஆனால் எந்த வகை உள்ளே இருக்கிறது என்று அட்டை சொல்வதில்லை. ஒன்பதாம் மாதத்தில் ஒரு மூலை எழும்பியபோது வாரன்டியில் மாற்றிக் கேட்டேன். ஒட்டிய விதத்தில்தான் பிழை என்று விடை வந்தது. ஒன்பது மாதங்கள் அசையாமல் ஒட்டியிருந்த ஒன்றைப் பற்றி அப்படிச் சொன்னது எனக்கு வருத்தமாகவே இருந்தது. வாரன்டி அட்டையைப் பிறகு நிதானமாகப் படித்தேன்: கூர்மையான பொருட்களால் ஏற்படும் சேதம், வெப்பம், இயல்பான தேய்மானம் ஆகிய அனைத்தும் விலக்கப்பட்டிருந்தன. கீறல் ஆறும் என்று விற்கப்படும் பொருளின் வாரன்டியில் கீறலுக்கு இடமில்லை.

கைபேசியின் உடலிலேயே இந்தப் பண்பைக் கொண்டுவரும் முயற்சி நடக்காமல் இல்லை. நிசான் நிறுவனம் 2005-இல் கார்களுக்கென அறிவித்த, தானே சீராகும் பெயின்ட்டை 2012-இல் ஒரு ஐபோன் உறையின்மேல் பூசிக் காட்டியது. 2013-இல் எல்ஜி வெளியிட்ட ‘ஜி ஃப்ளெக்ஸ்’ கைபேசியின் வளைந்த பின்புறத்தில் இத்தகைய பூச்சு இருந்தது. 2015 ஜனவரியில் வந்த ‘ஜி ஃப்ளெக்ஸ் 2’-இல், சிறு கீறல் மறைய முந்தைய கைபேசியில் ஏறக்குறைய மூன்று நிமிடங்கள் பிடித்தது இப்போது பத்து வினாடிகளாகக் குறைந்திருப்பதாக நிறுவனம் கூறியது. அது உண்மையான தொழில்நுட்ப முன்னேற்றம்தான். ஆயினும் அந்த வரிசை அத்துடன் நின்றது. 2021-இல் எல்ஜி கைபேசித் தொழிலையே விட்டு விலகியது. பூச்சு இருந்த இடத்தைக் கவனிக்க வேண்டும்: பேக் கவர் போட்டவுடன் மறைந்துபோகும் பின்புறத்தில்தான் அது இருந்தது. கண் எப்போதும் பதிந்திருக்கும் முன்புறம் கண்ணாடியாகவே தொடர்ந்தது.

முன்புறத்தில் அதைக் கொண்டுவருவதற்கு நேர்மையான அறிவியல் தடை ஒன்று உண்டு. ஒரு பொருள் தானே ஆற வேண்டுமானால் அதன் மூலக்கூறுகள் அசைந்து இடம்பெயர முடிய வேண்டும். கீறல் விழாமல் இருக்க வேண்டுமானால் அவை அசையாமல் இறுகி நிற்க வேண்டும். கைபேசிக் கண்ணாடி இரண்டாவது வழியைத் தேர்ந்துகொண்டது. ஏறக்குறைய 400 டிகிரி செல்சியஸில் உருகிய பொட்டாசியம் உப்பில் அதை மூழ்க வைக்கும்போது, கண்ணாடியிலுள்ள சிறிய சோடியம் அயனிகள் வெளியேறி, பெரிய பொட்டாசியம் அயனிகள் அவ்விடங்களில் நெருக்கியடித்து அமர்கின்றன. அந்த நெருக்கத்தால் மேற்பரப்பு எப்போதும் அமுக்கப்பட்ட நிலையில் இருந்து விரிசலைத் தடுக்கிறது. அந்த அமுக்க அடுக்கைத் தாண்டி விரிசல் உள்ளே இறங்கிவிட்டால் மீட்சி இல்லை. முறிந்ததை உண்மையாகவே இணைக்கும் பொருட்களும் ஆய்வகங்களில் பிறந்திருக்கின்றன. 2001-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ஒயிட்டும் அவரது குழுவினரும், விரிசல் ஓடும்போது உடைந்து பசையைக் கசியவிடும் நுண்குமிழிகளை நெகிழிக்குள் புதைத்துக் காட்டினர். ஆனால் ஒருமுறை உடைந்த குமிழி மறுமுறை உதவாது. 2017-இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் தாகுஸோ ஐடாவின் குழு, விறைப்பாகவும் இருந்து, உடைந்த துண்டுகளை அறை வெப்பநிலையில் கையால் அழுத்தினாலே இணைந்துகொள்ளும் ஒரு கண்ணாடி போன்ற பாலிமரை வெளியிட்டது. நான் மேலே சொன்ன முரணை நேரடியாகத் தொட்ட ஆய்வு அது என்பதால் எனக்கு அதன்மேல் பெருமதிப்பு உண்டு. ஆய்வகத் துண்டுக்கும் கோடிக்கணக்கில் வார்க்கப்படும் திரைக்கும் இடையே நீண்ட தொலைவு இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2023-இல் சிசிஎஸ் இன்சைட் என்ற சந்தை ஆய்வு நிறுவனம், 2028-க்குள் தானே ஆறும் திரை கொண்ட கைபேசிகள் வரும் என்று கணித்தபோதும், அது பேசியது சிறு கீறல்களைப் பற்றித்தான்.

மடிக்கும் கைபேசிகளில் நிலைமை வேறு. 2020-இல் வந்த சாம்சங் ‘கேலக்ஸி இசட் ஃபிளிப்’பில் மடியும் கண்ணாடியின் தடிமன் 30 மைக்ரோமீட்டர் மட்டுமே, அதன்மேல் நெகிழி அடுக்கு ஒன்று கட்டாயம் தேவைப்படுகிறது. அங்கே நெகிழி ஏற்கெனவே இருப்பதால், அதை ஆறும் தன்மையுள்ளதாக ஆக்குவதற்கு அறிவியல் பெரிய தடையாக நிற்பதில்லை. தானே ஆறும் திரை முதலில் வேரூன்றும் இடம் அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அறிவியல் தடை முழு விளக்கம் ஆகாது என்பதற்குக் கைபேசியின் பின்புறமே சான்று. அங்கே கண்ணாடி இருந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. கம்பியில்லா மின்னேற்றத்துக்கு உலோகம் தடையாகும் என்பது உண்மை. நெகிழி தடையாவதில்லை, அது கண்ணாடிபோல் எளிதில் உடைவதுமில்லை, அதன்மேல் ஆறும் பூச்சையும் பூசலாம் என்று 2013-லேயே காட்டப்பட்டுவிட்டது. இருந்தும் விலை உயர்ந்த கைபேசிகள் பின்புறத்துக்கும் கண்ணாடியையே தேர்ந்தன. கையில் எடுத்தவுடன் குளிர்ச்சியாகவும் கனமாகவும் உணர்த்தும் பொருள்தான் கடையில் விற்கிறது. வாங்குபவரான நாமும் நெகிழியை மலிவு என்று ஒதுக்கினோம். அந்தப் பொறுப்பில் நமக்கும் பங்குண்டு.

நீடித்து உழைக்கும் பொருளைச் செய்வதில் தயாரிப்பாளருக்கு என்ன ஆதாயம் என்ற கேள்வி இங்குதான் எழுகிறது. வேண்டுமென்றே ஆயுளைக் குறைத்த வரலாறு உண்டு: 1924-இல் மின்விளக்கு உற்பத்தியாளர்கள் ‘ஃபீபஸ்’ என்ற கூட்டணியை அமைத்து, விளக்கின் ஆயுளை 1,000 மணி நேரமாகக் கட்டுப்படுத்தி, அதை மீறிய உறுப்பினர்களுக்கு அபராதமும் விதித்தனர். கைபேசித் தொழிலில் அத்தகைய சதி எதையும் கற்பனை செய்யத் தேவையில்லை என்பதே என் கருத்து. வருவாய் எப்போது வருகிறது என்பதைப் பார்த்தால் போதும். தயாரிப்பாளருக்குப் பணம் விற்பனை நாளில் வந்துவிடுகிறது. ஐந்தாம் ஆண்டிலும் கைபேசி நன்றாக இருப்பதன் பலன், அதை இரண்டாம் கையாக வாங்குபவருக்குப் போகிறது. நீடித்த பொருளை விற்பவர் தாம் முன்பு விற்ற பொருளோடேயே போட்டியிட நேர்கிறது என்று பொருளியலாளர் ரொனால்டு கோஸ் 1972-இல் காட்டியது கைபேசிக்கு அப்படியே பொருந்துகிறது. அதோடு, ஆயுள் என்பது கடையில் கண்ணுக்குத் தெரியாத பண்பு. பேட்டரி மூன்றாம் ஆண்டில் எப்படி இருக்கும் என்பதை விற்பனை மேசையில் காட்ட முடியாது. கீறல் மறைவதை அரை நிமிடத்தில் காட்டலாம். ‘தானே ஆறும்’ என்ற சொல் அட்டையில் பெரிய எழுத்தில் வருவதற்கும், பாலியூரித்தேனின் வகை எங்கும் வராததற்கும் காரணம் ஒன்றே.

எதிர்த்திசையில் இழுக்கும் ஆதாயங்களும் இருக்கின்றன. உடைவுக்கான பாதுகாப்புத் திட்டத்தைத் தானே விற்கும் நிறுவனத்துக்கு, ஒவ்வோர் உடைவும் செலவு. பழைய கைபேசியைத் திரும்ப எடுத்துப் புதுப்பித்து விற்கும் நிறுவனத்துக்கு, கீறல் இல்லாத உடல் நேரடி இலாபம். 2023-இல் கூகுள் ‘பிக்சல் 8’-உம், 2024-இல் சாம்சங் ‘கேலக்ஸி எஸ்24’-உம் ஏழு ஆண்டு மென்பொருள் புதுப்பிப்பை அறிவித்தன. ‘ஃபேர்ஃபோன் 5’ ஐந்து ஆண்டு வாரன்டியோடு வந்தது. மென்பொருள் ஏழு ஆண்டு ஓடும் என்று சொன்ன பிறகு, உடல் மூன்று ஆண்டில் தளர்ந்தால் கேள்வி கேட்கப்படும். சட்டத்தின் அழுத்தமும் வந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் கைபேசிகள் 45 முறை விழுந்தும் செயல்பட வேண்டும். பேட்டரி 800 மின்னேற்றச் சுழற்சிகளுக்குப் பின்னும் 80 விழுக்காடு கொள்ளளவைத் தக்கவைக்க வேண்டும். விற்பனை நின்ற பிறகும் ஏழு ஆண்டுகள் உதிரிப்பாகங்கள் கிடைக்க வேண்டும். விழுவதைத் தாங்கும் திறனும் பழுதுபார்க்கும் எளிமையும் தர எழுத்துகளாகவே, கைபேசியோடு கடையில் காட்டப்படும் ஆற்றல் முத்திரையில் அச்சாகின்றன. கடையில் தெரியாமல் இருந்த பண்பைத் தெரியவைத்தது இந்த விதிகளின் பெரிய பணி. இந்த முத்திரையை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். திரையின் கீறல் எதிர்ப்பை அந்த விதிகள் மோஸ் அளவில் 4 என்ற கடினத்தன்மையால் அளக்கின்றன என்பதையும் குறிப்பிட வேண்டும். கீறல் விழாமல் இருப்பதற்கு மதிப்பெண் உண்டு; விழுந்த கீறல் ஆறுவதற்கு மதிப்பெண் இல்லை. ஆறும் பொருட்களை உருவாக்க நிறுவனங்கள் உண்மையாகவே முதலிட வேண்டுமானால், எவ்வளவு ஆழமான கீறல், எந்த வெப்பநிலையில், எத்தனை மணி நேரத்தில், எத்தனை முறை ஆறுகிறது என்பதை அளக்கும் பொதுச் சோதனைமுறை ஒன்று முத்திரையில் இடம்பெற வேண்டும். அது வரும்வரை, அட்டையில் அச்சிட்ட எண்களை விற்பவரின் சொல்லாக மட்டுமே எடுத்துக்கொள்ள முடியும்.

படலத்துக்கு வருகிறேன். விரல்ரேகை உணரி திரைக்கடியில் இருக்கும் கைபேசிக்கும், ஓரம் வளைந்த திரைக்கும், சாவி நாணயத்தோடு பையில் போட்டுவைப்பவருக்கும் இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். மணலும் தூசும் மிகுந்த இடத்தில் வேலை செய்பவருக்கு இது உதவாது. அவர்களுக்கு அடிக்கடி மாற்றினாலும் டெம்பர்ட் கிளாஸே மேல். கைபேசி கீழே விழுவதுதான் உங்கள் அச்சம் என்றால், இதில் பணம் போடாமல் மூலைகள் உயர்ந்த ஒரு நல்ல உறையில் போடுங்கள். வாங்கும்போது அலிஃபாட்டிக் வகையா என்று கேளுங்கள். விற்பவருக்கு விடை தெரிந்திருந்தால் அதுவே நல்ல அறிகுறி.

இரண்டாம் படலம் சென்ற வாரம்தான் கைபேசியிலிருந்து நீங்கியது. அது தேய்ந்ததால் நீங்கவில்லை. பேட்டரியின் கொள்ளளவு 78 விழுக்காட்டுக்கு இறங்கி, மதியத்துக்குள் கைபேசி அணையத் தொடங்கியதால், அதை மாற்றக் கொடுத்தேன். என் கைபேசியைத் திரைப்பக்கமாகத்தான் திறக்க வேண்டும்; பசை இளகுவதற்காகச் சுற்றிலும் சூடேற்றியபோது, கீறலை ஆற்றிவந்த அந்தப் படலம் ஓரங்களில் சுருண்டு எழும்பிவிட்டது. பழுதுபார்த்தவர் அதை உரித்தெடுத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்து என்னிடம் காட்டினார். 28 மாதங்களுக்குப் பிறகும் அதில் ஒரு கோடுகூட இல்லை. புதிய பேட்டரியும் மூன்றாவது படலமும் இப்போது அதில் இருக்கின்றன. பேட்டரிக்கு மூன்று மாத வாரன்டி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.